காடு திருத்தப் போக நினைத்து நூலகத்தில் வாழ்ந்தவர்: அந்துவான் ஜெரான்-லாஜுவா

கேள்வி இதுதான்: “லெனார்ட் கோஹன் பாடிய ‘அன் கனாதியான் எரான்’ என்ற பழைய பிரெஞ்சுப் பாட்டைக் கேட்டேன். எழுதியவர் அந்துவான் ஜெரான்-லாஜுவா என்று போட்டிருந்தது. தேடினால் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கனடிய நாவலாசிரியர், வரலாற்றாசிரியர்’ என்று ஒரு வரிதான் கிடைக்கிறது. அவர் யார், எப்படி வாழ்ந்தார்?”

நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். சண்டை, சிறை, காதல் தோல்வி என்று பரபரப்பாகச் சொல்ல இவருடைய வாழ்க்கையில் எதுவும் கிடையாது. வேலைக்குப் போனார், மாலையில் எழுதினார், 58 வயதில் இறந்தார். ஆனால் இவர் எழுதிய பாட்டையும் நாவலையும் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே கவலைதான் ஓடுகிறது: சொந்த மண்ணில் கால் ஊன்றி நிற்க என் ஜனங்களுக்கு வழி என்ன? இந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டால் மனிதர் விளங்கிவிடுவார். அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

1824 ஆகஸ்ட் 4 அன்று யமாஷிஷ் என்ற ஊரில் பிறந்தார். செயின்ட் லாரன்ஸ் ஆறு அகன்று ஏரி மாதிரி விரியும் இடத்துக்கு வடகரையில், மொன்ரியாலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் நடுவே இருக்கும் விவசாய ஊர் அது. அப்பா விவசாயி. முன்னோர் ஒருவர் பிரான்சிலிருந்து படைவீரராக வந்தவர். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படையில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருக்கு வாய்த்தது ‘லா ஜுவா’, அதாவது மகிழ்ச்சி. ஜெரான் என்ற குடும்பப் பெயரோடு அது ஒட்டிக்கொண்டு ஜெரான்-லாஜுவா ஆனது.

யமாஷிஷ் பக்கத்து நிலங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் நாவலுக்கு அதுதான் வேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே நிலத்தை ரிப்பன் ரிப்பனாக அளந்து கொடுத்தார்கள். முகப்பு ஆற்றங்கரையில் இருக்கும், உள்ளே வெகு தூரம் நீண்டுகொண்டே போகும். ஆறுதான் அன்றைக்குச் சாலை என்பதால் எல்லோருக்கும் கொஞ்சம் கரை வேண்டும் என்று செய்த ஏற்பாடு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குப் பத்துப் பிள்ளை, பன்னிரண்டு பிள்ளை என்று பெருகியபோது ரிப்பனை எத்தனை முறை கிழிப்பது? 1820, 30களில் பழைய ஊர்களில் பிரிக்க நிலம் இல்லாமல் போய்விட்டது. ஒரு மகனுக்கு நிலம் போகும், புத்திசாலிப் பையனைப் பாதிரியார் கண்டுபிடித்துப் படிக்க அனுப்புவார், மற்றவர்கள் கூலிக்குப் போக வேண்டியதுதான். அந்துவான் படிக்க அனுப்பப்பட்ட பையன்.

படித்தது ஆற்றுக்குத் தென்கரையில், நிக்கோலே ஊரின் செமினரியில். பெயர்தான் செமினரி, எல்லோரும் பாதிரியார் ஆவதில்லை. லத்தீன், இலக்கணம், அணியியல், தத்துவம் என்று எட்டு வருஷம் போலப் படிக்கும் உறைவிடக் கல்லூரி அது. அங்கேதான், 1842இல், 18 வயதில் ‘அலையும் கனடியன்’ என்று பொருள்படும் அந்தப் பாட்டை எழுதினார்.

பாட்டின் பின்னணி இது. 1837, 38இல் லோயர் கனடாவில், அதாவது இன்றைய கியூபெக்கில், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகப் ‘பத்ரியோத்’, அதாவது தேசபக்தர், என்று அழைக்கப்பட்டவர்கள் கிளர்ந்தார்கள். ராணுவம் அடக்கியது. கிராமங்கள் எரிந்தன. மொன்ரியால் சிறைவாசலில் 12 பேரைத் தூக்கிலிட்டார்கள். 58 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். சிட்னியில் இன்றைக்கும் கனடா பே, எக்ஸைல் பே என்று இருக்கும் பெயர்கள் அவர்கள் நினைவாக வந்தவைதான். எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ஓடியவர்கள் இன்னும் அதிகம். நிக்கோலேயில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் இந்தச் செய்திகளோடுதான் வளர்ந்தார்கள்.

ஒரு நாள் இரவு, விடுதியில் படுக்கையில் இருக்கும்போது, நண்பன் ஒருவன் ஒரு நாட்டுப்புற மெட்டைச் சொல்லி, இதற்கு ஒரு பாட்டு எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறான். அந்த இரவே எழுதியதாக அந்துவானே பிற்பாடு குறித்து வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு கனடியன் அந்நிய நாடுகளில் அழுதுகொண்டே அலைகிறான். ஒரு நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரைத் தூது விடுகிறான்: என் நாட்டை, துயரப்பட்ட என் நாட்டைப் பார்த்தால், என் நண்பர்களை நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல். இனி அந்த நாட்டைப் பார்க்க மாட்டேன், ஆனால் உயிர் போகும்போதும் என் கண் அந்தப் பக்கம்தான் திரும்பும். அவ்வளவுதான் பாட்டு. குட்டிக் குட்டி வரிகள். யாரையும் திட்டவில்லை, பழிவாங்கச் சொல்லவில்லை. ஆங்கிலேயர் என்ற சொல்லே அதில் கிடையாது. அதனால்தான் அது எங்கும் போக முடிந்தது என்று நினைக்கிறேன்.

போன தூரமும் கொஞ்சம் இல்லை. சில வருஷங்களிலேயே எழுதியவர் பெயர் தெரியாத நாட்டுப்பாட்டு மாதிரி ஊர் ஊராகப் பாடப்பட்டது. 1755இல் ஆங்கிலேயர் நாடு கடத்திய, கனடாவின் கிழக்குக் கரையோரத்துப் பிரெஞ்சு ஜனங்களான அகாடியர்கள், ‘கனடியன்’ என்ற இடத்தில் ‘அகாடியன்’ என்று போட்டு, மாதா கோயில் கீதம் ஒன்றின் மெட்டில் பாடிக்கொண்டார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் பாடினார். 1979இல் கோஹன் பாடினார். அவர் மொன்ரியாலில் பிறந்த யூதர், ஆங்கிலத்தில் எழுதியவர். அலைதல் என்ற விஷயம் அவருக்கும் அந்நியமானதில்லை. ஆஸ்திரேலியா போன கைதிகளில் பெரும்பாலோர் மன்னிப்பு கிடைத்து 1840களின் நடுவில் திரும்பிவிட்டார்கள். பாட்டில் வரும் மனிதன்தான் இன்னும் திரும்பவில்லை.

அதே நிக்கோலேயில் 1844இல், படிப்பு முடியும் தறுவாயில், ‘இளைய லத்தூர்’ என்ற செய்யுள் நாடகம் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டுக் கதை. ஆங்கிலேயர் பக்கம் போய்விட்ட தகப்பன், கோட்டையை ஒப்படைத்துவிடு என்று மகனிடம் வந்து கெஞ்சுகிறான், மிரட்டுகிறான். மகன் மறுக்கிறான். பிரெஞ்சுக் கனடியர் ஒருவர் எழுதிய முதல் துன்பியல் நாடகம் என்று இதைச் சொல்வார்கள். நாடகமாகப் பார்த்தால் பள்ளிக்கூடத்து வேலைதான். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 1839இல்தான், கிளர்ச்சியின் காரணத்தை ஆராய லண்டன் அனுப்பிய டர்ஹம் பிரபு தன் அறிக்கையில், இந்தப் பிரெஞ்சுக் கனடியர்கள் வரலாறும் இலக்கியமும் இல்லாத ஜனங்கள், ஆங்கிலேயரோடு கரைந்துபோவதே அவர்களுக்கு நல்லது என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியம் ஒரு தலைமுறையையே உலுக்கிவிட்டது. பிரான்சுவா-சவியே கார்னோ தன் பெரிய கனடா வரலாற்றை 1845 முதல் வெளியிட்டதும் அதற்குப் பதிலாகத்தான். இருபது வயதுப் பையன் தன் நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் செய்யுளில் மேடையேற்றியதும் அதே பதில்தான்.

சரி, கல்லூரி முடிந்தது. கையில் காசு இல்லை. பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்க்கலாம், முடிந்தால் ஐரோப்பா போகலாம் என்று ஒரு நண்பரோடு நியூயார்க் போனார். வேலை கிடைக்கவில்லை. சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். பிறகு மொன்ரியால். சட்டம் படித்துக்கொண்டே ‘லா மினெர்வ்’ பத்திரிகையில் மெய்ப்பு பார்ப்பது, ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்ப்பது, கட்டுரை எழுதுவது என்று எல்லாம் செய்தார். சம்பளம் சொற்பம். ‘அன்ஸ்திதூ கனாதியான்’ என்று இளைஞர்கள் கூடி 1844இல் தொடங்கிய அமைப்பில் ஆரம்பம் முதல் இருந்தார், தலைவராகவும் இருந்தார். வாசகசாலை, சொற்பொழிவு, பட்டிமன்றம் எல்லாம் நடந்த இடம் அது. பின்னாளில் தடை செய்யப்பட்ட புத்தகங்களை வைத்திருந்ததற்காக மொன்ரியால் ஆயரோடு பெரிய மோதலில் சிக்கிய அமைப்பும் அதுவே. ஆனால் அதற்குள் இவர் விலகித் தூரம் போயிருந்தார்.

1848இல் வழக்கறிஞர் ஆனார். ஆகி என்ன பயன்? மொன்ரியாலில் வக்கீல்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி முடித்த பிரெஞ்சுப் பையனுக்கு அன்றைக்குத் திறந்திருந்த கதவுகள் நான்கு: பாதிரியார், வைத்தியர், நோட்டரி, வக்கீல். வியாபாரமும் தொழிற்சாலையும் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில். அதனால் நான்கு வாசலிலும் கூட்டம். வழக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வக்கீலின் பசியை இவர் நேரில் அனுபவித்தவர், அதை அப்படியே நாவலுக்குள் கொண்டுபோனார். வயிற்றுப்பாட்டுக்காக அரசாங்கப் பொதுப்பணித் துறையில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார்.

1849ஆம் ஆண்டில் இவர் எழுதி வைத்த நாட்குறிப்பு ஒன்று உண்டு. கிராமத்துக்குப் போய்விட வேண்டும் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வருகிறது, நான் மட்டும் விவசாயியாக இருந்தால் என்று ஏங்குகிறார். விவசாயி மற்றவர்களை ஏழையாக்கித் தான் பணக்காரன் ஆவதில்லை, வக்கீலும் வைத்தியரும் வியாபாரியும் சில சமயம் செய்வதுபோல. அவன் செல்வத்தைப் பூமியிலிருந்து எடுக்கிறான் என்று எழுதுகிறார். 25 வயது. நகரத்தில் ஓர் அலுவலக மேஜை. தகப்பன் வழியில் உழவர் குடும்பம். இந்த ஏக்கம் அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

1851இல் ‘அரசியல் கேள்வி பதில்’ என்று ஒரு சிறு நூல் போட்டார். தேவாலயத்தில் ஞானோபதேசம் கற்பிக்கும் அதே கேள்வி பதில் முறையில், சட்டமன்றம் என்றால் என்ன, அமைச்சரவை யாருக்குக் கட்டுப்பட்டது, வரி எங்கே போகிறது என்று சாதாரண ஜனங்களுக்கு விளக்கும் புத்தகம். கனடாவின் அரசியல் சட்டத்தைப் பிரெஞ்சில் எளிமையாகச் சொன்ன முன்னோடி முயற்சிகளில் ஒன்று. தேர்தலில் நிற்க இவருக்கு மனம் இல்லை. ஓட்டுப் போடுபவனுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்பதில்தான் அக்கறை.

1852இல் சட்டமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1856இல் நாடாளுமன்ற நூலகத்தில் துணை நூலகர். அப்போதைய கனடாவுக்கு நிலையான தலைநகரம் கிடையாது. கிங்ஸ்டன், மொன்ரியால், டொராண்டோ, கியூபெக் என்று சில வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு போகும். கோப்புகளோடும் புத்தகப் பெட்டிகளோடும் அலுவலர்களும் குடும்பத்தோடு போக வேண்டும். இவரும் டொராண்டோ போய், கியூபெக் திரும்பி, கடைசியில் 1865இல் ஒட்டாவா வந்து சேர்ந்தார்.

அந்த நூலகத்தின் கதையையும் கேளுங்கள். 1849 ஏப்ரல் 25 அன்று, 1837 கிளர்ச்சியில் வீடு வாசல் இழந்தவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் மசோதாவில் ஆளுநர் எல்ஜின் பிரபு கையெழுத்துப் போட்டார். ‘துரோகிகளுக்குப் பணமா’ என்று கொதித்த ஆங்கிலேயர் கூட்டம் ஆளுநரின் வண்டிமீது முட்டையும் கல்லும் எறிந்தது. அன்றிரவே மொன்ரியாலில் நாடாளுமன்றம் நடந்த கட்டடத்தைக் கொளுத்தியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பல். மிஞ்சியவை சில நூறுதான். மறுபடி சேர்த்தார்கள். 1854இல் கியூபெக்கில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்ததில் அதிலும் பாதி போனது. இப்படி இரண்டு முறை எரிந்த நூலகத்துக்குத்தான் இவர் வேலைக்கு வந்தார். கனடாவைப் பற்றியும் அமெரிக்காவைப் பற்றியும் எங்கெங்கோ அச்சான நூல்களைத் தேடி வாங்குவது, பட்டியல் போடுவது, அடுக்குவது. சுமார் கால் நூற்றாண்டு அதே வேலை. நாவலை விட இந்த வேலையில்தான் அவர் செய்தது அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒரு ஜனத்துக்கு வரலாறு இல்லை என்று ஒருவர் எழுதிவிட்டுப் போன நாட்டில், அந்த வரலாற்றின் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து வைப்பது சின்ன வேலை இல்லை.

1858இல் ஜோசஃபின் பாரானை மணந்தார். மாமனார் எத்தியேன் பாரான், ‘லெ கனாதியான்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 1838 கடைசியில் எழுத்துக்காகச் சிறை போய், அந்தக் குளிரிலும் ஈரத்திலும் காது கேட்கும் சக்தியை இழந்தவர். நம்முடைய பிள்ளைகள் வக்கீலுக்கே படிக்கிறார்கள், தொழிலும் வணிகமும் பொருளாதாரமும் கற்க வேண்டும் என்று 1840களில் மேடை மேடையாகப் பேசியவரும் அவர்தான். மருமகனின் நாவலைப் படிக்கும்போது மாமனாரின் சொற்பொழிவுகள் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இனி நாவல். 1861இல் கியூபெக் நகரத்தில் பாதிரியார் காஸ்க்ரான், ஜோசஃப்-சார்ல் தாஷே, மருத்துவர் லாரூ, இவர் என நான்கு பேர் சேர்ந்து ‘கனடிய மாலைப் பொழுதுகள்’ என்ற பெயரில் ஓர் இலக்கிய இதழ் தொடங்கினார்கள். ஜனங்களின் அருமையான கதைகளை அவர்களே மறந்துவிடும் முன்பு எழுதிவிடுவோம் என்பது அதன் முகப்பு வாசகம். அந்த இதழில் 1862இல் ‘ழான் ரிவார், காடு திருத்துபவன்’ வந்தது. அப்புறம் பதிப்பாளரோடு தகராறு வந்து, தாஷே தவிர மற்ற மூவரும் விலகி 1863இல் ‘கனடிய இல்லம்’ என்ற இன்னொரு இதழ் தொடங்க, 1864இல் அதில் இரண்டாம் பாகம் ‘ழான் ரிவார், பொருளியலாளன்’ வெளியானது. திருத்திய புத்தக வடிவம் 1874இலும் 1876இலும்.

முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: நான் எழுதுவது நாவல் இல்லை. வாள் சண்டை, கொலை, தற்கொலை, சிக்கலான காதல் வேண்டுபவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். கஷ்டப்பட்டு உழைத்து முன்னுக்கு வந்த ஒரு பையனின் எளிய கதை இது.

ழான் ரிவாருக்கு 19 வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பா இறந்துபோகிறார். பன்னிரண்டு பிள்ளைகளில் இவன் மூத்தவன். பங்காகக் கிடைப்பது ஐம்பது லூயி பணம். வக்கீலுக்குப் படிக்கட்டுமா என்று ஊர்ப் பாதிரியாரிடம் கேட்கிறான். அவர் நிலத்துக்குப் போ என்கிறார். பழைய ஊரில் நிலம் வாங்க அந்தப் பணம் போதாது. அதனால் கியூபெக்கின் தென்கிழக்கில் இருக்கும் கிழக்கு டவுன்ஷிப் பகுதியில், சாலைகூட இல்லாத காட்டில் நூறு ஏக்கர் வாங்குகிறான். பியேர் காஞ்ஞோன் என்ற உழைப்பாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோடரியோடு உள்ளே போகிறான்.

இங்கிருந்து புத்தகம் எழுந்து நிற்கிறது. மரம் வெட்டுவதை அவர் விவரிக்கும் விதத்தில் ஒரு கைத்தொழில்காரனின் பொறுமை தெரிகிறது. முதலில் புதரை வெட்டுவது, பிறகு பெரிய மரங்களை ஒரே பக்கமாகச் சாய்ப்பது, கிளை கழித்துத் துண்டு போடுவது, அடுக்கி எரிப்பது. கட்டைகளை எரித்த சாம்பலை வீணாக்கக் கூடாது. மரத் தொட்டியில் போட்டு மேலே தண்ணீர் ஊற்ற, கீழே காரநீர் வடியும். அதைப் பெரிய இரும்புக் கொப்பரையில் இரவும் பகலும் காய்ச்சினால் அடியில் கெட்டியாக நிற்பது பொட்டாஷ். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அதை இங்கிலாந்து விலை கொடுத்து வாங்கியது. பயிர் விளையும் முன்பே, அழித்த காட்டின் சாம்பலே முதல் காசைக் கொடுக்கிறது. அடிக்கட்டைகள் அப்படியே நிற்க, அவற்றின் நடுவிலேயே முதல் விதையைத் தெளிக்கிறார்கள். வருஷக் கடைசியில் செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கதைக்குள் கணக்கா என்று சலித்துக்கொள்ளும் விமர்சகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் புத்தகத்தின் உயிர். நிலம் வாங்கலாமா, அமெரிக்கா போய்விடலாமா என்று தவித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு வேண்டியிருந்தது அந்த எண்கள்தானே?

குளிர்கால இரவுகளில் அந்தக் குடிலில் இருப்பவை நான்கு புத்தகங்கள்: ராபின்சன் குரூசோ, டான் கிஹோட்டே, நெப்போலியன் வரலாறு, கிறிஸ்துவைப் பின்பற்றுதல். ழான் சத்தமாகப் படிக்க, எழுத்தறியாத பியேர் கேட்கிறான். கேட்டுக் கேட்டுத் தன் எஜமானை ‘பேரரசரே’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறான், காட்டோடு நடப்பது ஒரு படையெடுப்பு ஆகிவிடுகிறது. பியேர் வளர்க்கும் கரடிக்குட்டிக்கு டான் கிஹோட்டேயின் காதலி பெயரான துல்சினேயா என்று பெயர் வைக்கிறான். நூலகர் ஒருவர் எழுதிய காட்டுக் கதையில்தான் இப்படி நடக்கும்: கோடரிக்குப் பக்கத்திலேயே புத்தகமும் இருக்கிறது.

நடுநடுவே மொன்ரியாலிலிருந்து குஸ்தாவ் சார்மெனில் என்ற கல்லூரி நண்பனின் கடிதங்கள் வரும். குஸ்தாவ் சட்டம் படிக்கிறான். விடுதி வாடகை பாக்கி, கோட்டு நைந்துவிட்டது, காதலிக்கும் பெண்ணிடம் வாய் திறக்கத் தைரியம் இல்லை, ஏனென்றால் கல்யாணம் செய்ய வருமானம் இல்லை. இந்தக் கடிதங்கள்தான் நாவலிலேயே மிக உண்மையான பக்கங்கள். காரணம் எளிது: ழான் ரிவாரை அவர் கற்பனை செய்தார், குஸ்தாவாக வாழ்ந்தார்.

இரண்டாம் பாகத்தில் காடு ஊராகிறது. முதல் பாகத்தின் கடைசியில் தன் காதலி லூயிஸை மணந்த ழானுக்கு அண்டை வீடுகள் வருகின்றன, சாலை, ஆலை, கோயில், பள்ளி என்று ‘ரிவார்வில்’ என்ற ஊர் எழுகிறது. அவன் மேயராகிறான், நாடாளுமன்றமும் போகிறான். இதில் ஓர் இடம் முக்கியம். பள்ளிக்கூடத்துக்கு வரி கட்ட வேண்டும் என்றதும் ஊரில் எதிர்ப்பு கிளம்புகிறது. 1840களில் கியூபெக் கிராமங்களில் நிஜமாகவே நடந்த சண்டை அது. பள்ளிகளைக்கூடச் சில இடங்களில் எரித்தார்கள். ‘விளக்கணைப்பான்களின் போர்’ என்று அதற்குப் பெயர். நாவலில் எதற்கெடுத்தாலும் வழக்குப் போடும் ஜான்ட்ரோ என்பவன் எதிர்ப்புக்குத் தலைமை தாங்குகிறான், ழான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் இவ்வளவு பாடுபட்டு இப்படி ஒரு கதை? ஜனங்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலோர் நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு. ஒரு சிறிய ஜனத்துக்கு இது பயங்கரமான எண்ணிக்கை. 18 வயதில் நாடு கடத்தப்பட்டவனின் பாட்டை எழுதியவர், 38 வயதில் பசியால் தாங்களாகவே நாடு விட்டுப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே, இங்கேயே நிலம் இருக்கிறது என்று வழி சொல்ல முயன்றதுதான் ழான் ரிவார்.

குறை இல்லாமல் இல்லை. நாயகனுக்கு எல்லாம் கைகூடிவிடுகிறது. லூயிஸ் நல்லவள் என்பதற்கு மேல் நமக்கு அதிகம் தெரிவதில்லை. எனக்கு அதிகம் உறுத்துவது வேறு: அந்தக் காட்டை அவர் ஆளில்லாத காடாகப் பார்க்கிறார். கிழக்கு டவுன்ஷிப் நிலம் அபெனாகி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம். அவர்களுடைய ஊரான ஓடனாக், இவர் படித்த நிக்கோலேக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. தன் ஜனத்தின் நிலக் கவலையை இவ்வளவு உருக்கமாக எழுதியவரின் கண்ணில் பக்கத்து ஜனத்தின் நில இழப்பு படவில்லை.

வரலாற்றாசிரியர் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். ‘கனடாவில் பத்து ஆண்டுகள், 1840 முதல் 1850 வரை’ என்பது அவருடைய வரலாற்று நூல். எழுதி முடித்து வைத்துவிட்டுப் போனார், அவர் இறந்த பிறகு 1888இல் புத்தகமாக வந்தது. டர்ஹம் அறிக்கையைத் தொடர்ந்து அப்பர் கனடாவையும் (இன்றைய ஒன்டாரியோ பக்கம்) லோயர் கனடாவையும் 1841இல் ஒன்றாகக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரரைச் சிறுபான்மையாக்கிக் கரைப்பதே நோக்கம். பத்து வருஷத்தில் நடந்ததோ வேறு. பிரெஞ்சுத் தலைவர் லாஃபோன்தேனும் ஆங்கிலத் தலைவர் பால்ட்வினும் கைகோத்து, சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர்களே ஆட்சி செய்வார்கள் என்ற பொறுப்பாட்சியை 1848இல் வாங்கிவிட்டார்கள். அந்தப் பேரம், விவாதம், பின்வாங்கல் எல்லாவற்றையும் இவர் ஆவணத்தோடு சொல்கிறார். சம்பவங்களின்போது பத்திரிகை மேஜையில் இருந்தவர், எழுதும்போது நாடாளுமன்றப் பதிவேடுகளின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் கை சுத்தமாக இருக்கிறது. கோபத்தைக் காட்டாமல் எழுதுகிறார். தாமதமாக வந்தாலும் அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி எழுத வந்த எல்லோரும் இதைத் தொட்டுத்தான் போனார்கள்.

இந்திய வாசகருக்கு அதில் தெரிந்த முகங்கள் இரண்டு உண்டு. பொறுப்பாட்சியைக் கடைசி வரை எதிர்த்த ஆளுநர் மெட்காஃப், அதற்கு முன் 1835இல் இந்தியாவில் தற்காலிகத் தலைமை ஆளுநராக இருந்து பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் கொடுத்தவர். முட்டையடி வாங்கிய எல்ஜின், பின்னால் இந்திய வைஸ்ராயாகி 1863இல் தரம்சாலாவில் இறந்தவர்.

ஜெரான்-லாஜுவா கடைசி வருஷங்களில் உடல்நலம் குன்றி, 1882 ஆகஸ்ட் 4 அன்று, தன் 58ஆம் பிறந்தநாளிலேயே ஒட்டாவாவில் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகளை வைத்துக் காஸ்க்ரான் பிறகு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். நமக்கு அவர் மனசு இவ்வளவு தெரிவது அதனால்தான்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகன் ஆன்ரியின் மனைவி மரீ லகோஸ்த், மரீ ஜெரான்-லாஜுவா என்ற பெயரில் கியூபெக் பெண்களின் சட்ட உரிமைக்கும் வாக்குரிமைக்கும் வாழ்நாள் முழுக்கப் போராடியவர். 1907இல் பெண்கள் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். வாக்குரிமை 1940இல் வந்தது, அவர் உயிரோடு இருந்து பார்த்தார். அதே குடும்பத்தில் வந்த போல் ஜெரான்-லாஜுவா 1964இல் கியூபெக்கின் கல்வி அமைச்சராகிப் பள்ளிக் கல்வியை அடியோடு மாற்றியமைத்தார்.

இன்னொரு மகன் லெயோன் ஜெரான், 1863இல், அதாவது நாவலின் இரண்டு பாகங்களுக்கும் நடுவில் பிறந்தவர். கனடாவின் முதல் சமூகவியலாளர் என்று அவரைச் சொல்வார்கள். தகப்பன் பிறந்த யமாஷிஷுக்குப் பக்கத்தில் சேன்-ஜுஸ்தான் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு பழகி, அவர்கள் என்ன விதைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், நிலம் யாருக்குப் போகிறது, மற்ற பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி 1898இல் வெளியிட்டார். சம்பளத்துக்கு அவரும் அப்பாவைப் போல நாடாளுமன்றத்தில்தான் வேலை பார்த்தார், மொழிபெயர்ப்பாளராக. ஆனால் கிழக்கு டவுன்ஷிப் பகுதியில், சேன்த்-எத்விஜ் ஊர்ப் பக்கம் நிலம் வாங்கி, கிளேர்-ஃபோன்தேன் என்று பெயர் வைத்து, தானே பண்ணை நடத்தினார்.